வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? ஐந்து போன் பறிகொடுத்த பிறகு நான் கேட்கத் தொடங்கிய கேள்வி

வங்கியிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது 2022 மே 24ஆம் திகதி. நான் அதைத் திறந்தது 27ஆம் திகதி வெள்ளி இரவு. அதுவும் கேக் செய்து தருகிற அக்காவின் பழைய பில் ஒன்றைத் தேடப்போய்த்தான் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் பத்து வரி. இன்ன ஓடருக்குக் கட்டிய 330 டொலரை அட்டைக்குச் சொந்தக்காரர் தன்னுடையதல்ல என்று மறுத்திருக்கிறார், ஏழு நாளுக்குள் ஆதாரம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் தொகை உங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படும். மூன்று தரம் வாசித்தேன். பொருளைக் கொடுத்தாயிற்று, காசு பெப்ரவரியிலேயே கணக்கில் விழுந்து செலவாகியும் போயிற்று, இப்போது யார் எதை மறுக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை. விடியும்வரை தேடினேன், தமிழில் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று. கிடைத்ததெல்லாம் அமெரிக்கக் கடைக்காரர்களுக்கு எழுதியது, அதில் பாதி நம்முடைய வியாபாரத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது திருகோணமலையில், உவர்மலைப் பக்கம். 2018இல் வீட்டு முன்னறையில் தொடங்கிய தொழில். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் இங்கிருக்கிற அம்மாவுக்கு, அம்மம்மாவுக்கு, தங்கச்சியின் பிள்ளைக்கு என்று கேக், பழக்கூடை, சேலை ஓடர் போடுவார்கள். நாங்கள் கட்டி, வாழ்த்து அட்டை எழுதி, கொண்டுபோய்க் கொடுத்து, கொடுக்கும்போது ஒரு படமும் எடுத்து அனுப்புவோம். அந்தப் படத்துக்காகத்தான் பாதிப் பேர் ஓடர் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், பாலம் தாண்டிக் கிண்ணியா, மூதூர் வரை போவோம். கொரோனா வந்து யாரும் ஊருக்கு வர முடியாமல் போன 2020இல் தொழில் நான் எதிர்பாராத அளவுக்கு ஏறியது. ஒரு நாள் டவுனில் போன் கடை வைத்திருக்கிற நானா, "தங்கச்சி, கேக்குல என்ன மிஞ்சும், போனையும் போடுங்களேன், நான் கடனுக்குத் தாரன்" என்றார். போட்டேன். 61,000 ரூபாவுக்கு எடுத்து 66,000 ரூபாவுக்கு விற்றால், வங்கிக் கொமிஷன் போக ஒரு போனில் எனக்கு மிஞ்சுவது 2,690 ரூபா. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி என் பிழை. வெப்சைட்டில் கடனட்டை வசதி எடுத்தபோது, காசு கட்டும் நேரத்தில் அட்டைக்காரரின் வங்கி அவருடைய போனுக்கு ஒரு கோட் அனுப்பி, அவர்தான் கட்டுகிறாரா என்று உறுதிப்படுத்துகிற முறை சேர்ந்தே வந்தது. திரீ டி செக்கியூர் என்பார்கள். விசாவில் அதன் பெயர் விசா செக்கியூர், மாஸ்டர்கார்டில் ஐடென்டிட்டி செக். டொரொன்டோவிலிருந்து ஒரு அண்ணன் "கோட் வருதில்ல தங்கச்சி, மூன்று தரம் அடிச்சுப் பாத்திட்டன்" என்று ஓடரைக் கைவிட்டார். அப்படி மாதத்துக்கு நாலைந்து பேர். கையில் வந்த வியாபாரம் போகிறதே என்ற ஆத்திரத்தில், கட்டண சேவை நிறுவனத்துக்கு எழுதி வெளிநாட்டு அட்டைகளுக்கு அதை எடுத்துவிடச் சொன்னேன். ஒரு படிவம் அனுப்பினார்கள், கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இதன் பிறகு வரும் மோசடிப் பொறுப்பு முழுவதும் வியாபாரியையே சாரும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் வாசித்தது இழப்பு வந்த பிறகு.

அந்த உறுதிப்படுத்தல் நடந்திருந்தால், பிறகு அட்டைக்காரர் "நான் வாங்கவில்லை" என்று சொன்னாலும் பெரும்பாலும் அந்த இழப்பு அட்டை கொடுத்த வங்கியின் தலையில்தான் விழும். நடக்காவிட்டால் கடைக்காரரின் தலையில். இவ்வளவுதான் விஷயம், இதை யாரும் எனக்கு இரண்டு வசனத்தில் சொல்லவில்லை. வாடிக்கையாளர் எத்தனை பேர் குறைப்பட்டாலும் அதை எடுத்துவிடாதீர்கள். அதுவும் இப்போதுள்ள பதிப்பில் எல்லா ஓடருக்கும் கோட் கேட்பதில்லை. எந்தக் கருவியிலிருந்து, எந்த இடத்திலிருந்து, வழக்கமாக வாங்குகிறவரா என்று வங்கி பின்னாலேயே பார்த்துவிட்டு விட்டுவிடும், சந்தேகம் என்றால்தான் கேட்கும். நான் திரும்பப் போட்ட பிறகு அந்த டொரொன்டோ அண்ணனே மூன்று தரம் கேக் அனுப்பிவிட்டார், ஒரு குறையும் சொல்லவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 2022 ஜனவரி கடைசியில் புதிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு சின்னக் கேக் ஓடர் போட்டார். கொடுத்தோம். "சூப்பர் அக்கா, ஊரில இப்பிடி ஒரு சேவை இருக்கிறதே தெரியாது" என்று ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்து வட்ஸ்அப்பில் நன்றி சொன்னார். பெப்ரவரி 11 வெள்ளிக்கிழமை, காதலர் தின ஓடர்கள் குவிந்து நான் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கிழமை, அதே ஆள் மருமகனுக்கு என்று ஒரு போன் போட்டார். 14ஆம் திகதி இன்னும் இரண்டு. 18ஆம் திகதி இன்னும் இரண்டு. ஐந்து போன், 1,650 டொலர். டொரொன்டோவில் இருக்கிற மாமாவாம், நிறையச் சம்பாதிக்கிறாராம், எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுக்கிறாராம். தமிழில் கதைக்கிறார், அக்கா என்கிறார், எங்கள் ஊர்ச் சந்திகளின் பெயர் தெரிகிறது, நம்மட ஆள்தானே என்று இருந்துவிட்டேன். திருடன் என்றால் எங்கேயோ ஒரு தூர தேசத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால் இருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். அட்டை விபரம் வேண்டுமானால் தூர தேசத்தில் திருடப்பட்டிருக்கும். போனை வாங்கி விற்கிறவன் பக்கத்து ஊரில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருளை எப்படிக் கைக்கெடுப்பது?

மூன்று தடவையும் கொடுத்த விலாசத்துக்கு எங்கள் டெலிவரி தம்பி போனபோது, போன் வந்திருக்கிறது: "வீட்டில ஒருத்தரும் இல்ல, சந்தியில பெற்றோல் ஷெட்டுக்குப் பக்கத்தில நிக்கிறன், தந்திட்டுப் போங்க." தம்பியும் கொடுத்திருக்கிறான், கையெழுத்து வாங்கியிருக்கிறான், படமும் எடுத்திருக்கிறான். பிறகு நான் அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தேன். எங்களுடைய பேர்போன அந்தப் படத்தில் இருந்தது ஒரு ஹெல்மட், ஒரு மாஸ்க், இரண்டு கண். தம்பியில் பிழை இல்லை, வீட்டு வாசலில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று நான் அவனுக்குச் சொல்லி வைத்ததே இல்லை.

மே 28, 29 சனி ஞாயிறு. திங்கட்கிழமை காலை, கெடு முடிய ஒரு நாள் இருக்க, வங்கிக்குப் புறப்பட்டேன். நாட்டில் பெற்றோல் இல்லாத காலம், ஷெட்டுகளில் ஒரு மைல் நீளத்துக்கு வரிசை. மகனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு உவர்மலை இறக்கத்தில் இறங்கினேன். கடற்கரைப் பக்கம் மான்கள் மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. கிளையில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது, ஆனால் இது கொழும்பில் அட்டைப் பிரிவு பார்க்கிற வேலை, எங்களுக்கு இதில் ஒன்றும் செய்யேலாது என்று ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுதித் தந்தது. அந்த முகவரிதான் எனக்கு ஏற்கனவே மின்னஞ்சல் போட்ட முகவரி. வீட்டுக்கு வந்து கரண்ட் வருமட்டும் காத்திருந்து, கையெழுத்துச் சீட்டு, ஹெல்மட் படம், வட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் இணைத்து இரவு பதினொரு மணிக்கு அனுப்பினேன். ஜூன் முதல் பத்து நாளுக்குள் மற்ற இரண்டு ஓடருக்கும் அதே மாதிரி மின்னஞ்சல் வந்தது. மூன்றிலும் தோற்றேன்.

ஏன் தோற்றேன் என்று விளங்க எனக்குப் பல நாள் எடுத்தது. இதைச் சார்ஜ்பேக் என்பார்கள், அட்டைக்காரர் தன் வங்கியிடம் முறையிட, அந்த வங்கி விசா அல்லது மாஸ்டர்கார்ட் வழியாக நம்முடைய வங்கியிடம் காசைத் திருப்பி எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் காரணக் குறியீடு ஒன்று இருக்கும். "பொருள் வந்து சேரவில்லை" என்பது வேறு காரணம், "இந்தக் கொடுக்கல் வாங்கல் என்னுடையதே அல்ல" என்பது வேறு காரணம். விசாவில் முதலாவது 13.1, இரண்டாவது 10.4. எனக்கு வந்தது 10.4. நான் அனுப்பிய ஆதாரமெல்லாம் 13.1க்குப் பதில். அட்டையைப் பறிகொடுத்த அந்த மனிதர் எங்கேயோ தன் பாட்டில் இருக்கிறார், திருகோணமலையில் ஒருவன் போனைக் கைநீட்டி வாங்கினான் என்று நான் எவ்வளவு அழகாக நிரூபித்தாலும் அது அவருக்கு என்ன? உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால் பதற்றத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் அனுப்பாமல், முதலில் அந்தக் குறியீட்டைப் பாருங்கள். இன்னொன்று, இது வந்த பிறகு "சரி, காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்" என்று நீங்களாக அட்டைக்கு ரீபண்ட் போடாதீர்கள். சார்ஜ்பேக்கிலும் போய், ரீபண்டிலும் போய், ஒரே காசு இரண்டு தரம் போகும்.

இந்த நேரத்தில் எனக்கு விழுந்த அடி இன்னொன்று. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் என்பதால் விலையை டொலரில் போட்டிருந்தேன். பெப்ரவரியில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் கட்டிப் பிடித்து வைத்திருந்தார்கள். மார்ச்சில் பிடியை விட்டார்கள், மே மாதம் 360 ஆகிவிட்டது. பெப்ரவரியில் 1,650 டொலருக்கு என் கணக்கில் விழுந்தது, கொமிஷனைக் கழிக்காமல் பார்த்தால், 3 லட்சத்து 30 ஆயிரம் ரூபா. ஜூனில் அதே 1,650 டொலருக்குக் கழித்தது 5 லட்சத்து 94 ஆயிரம். அதோடு சார்ஜ்பேக் ஒன்றுக்கு 5,000 ரூபா வீதம் வங்கிக் கட்டணம் 15,000. மொத்தம் 6 லட்சத்து 9 ஆயிரம். கட்டணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு போனுக்கு 2,690 ரூபா இலாபம் என்றால் இந்தக் காசை எடுக்க 221 போன் விற்க வேண்டும். அந்த ஐந்து போனில் எனக்குக் கிடைத்த இலாபம் 13,450 ரூபா. இதில் எரிச்சல் என்னவென்றால், ஜூனில் அதே போனின் விலை கடையில் ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது, அந்தத் திருடன் கொஞ்சம் பொறுத்து விற்றிருந்தால் அவனுக்கும் டொலர் ஏறிய இலாபம் கிடைத்திருக்கும்.

டொலரில் விற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அட்டைக்காரருக்கு முறையிட பொதுவாக 120 நாள் இருக்கிறது. அதாவது கணக்கில் விழுந்த காசு நாலு மாதத்துக்கு முழுக்க உங்களுடையது அல்ல. போன் மாதிரி விலை கூடிய சாமான் விற்ற காசில் ஒரு பங்கை நான் இப்போது அந்த நாலு மாதமும் தொடாமல் தனிக் கணக்கில் வைக்கிறேன். வங்கி "அப்ரூவ்ட்" என்று காட்டினால் காசு உறுதி என்று நினைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம், அந்த நிமிடத்தில் அந்த அட்டையில் காசு இருக்கிறது, அட்டை களவு போனதாக இன்னும் யாரும் அறிவிக்கவில்லை, அவ்வளவுதான். அட்டையை அடித்தவர் யார் என்று அது சொல்லவே இல்லை.

வங்கி காசை எடுத்த விதமும் ஒரு பாடம். தனியாகக் கட்டச் சொல்லவில்லை. அடுத்தடுத்து வந்த ஓடர்களின் காசை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நான் கேக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், கணக்கில் ஒரு சதமும் விழவில்லை. மட்டிக்களியில் கேக் செய்து தருகிற அக்காவுக்கு ஐந்து கிழமை காசு கொடுக்கவில்லை. மாவும் சீனியும் தீப்பிடித்த விலை விற்ற காலம், அந்த மனுஷி ஒரு சொல் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கூடுதல் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் இரண்டு கிழமை சொல்லவில்லை. இரவில் சாப்பிடும்போது அவர் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். கடைசியில் சீட்டை எடுத்து, இரண்டு காப்பையும் அடகு வைக்கப் போகும்போதுதான் சொல்ல வேண்டி வந்தது. "இதை முதல் நாளே சொல்லியிருந்தா நானும் சைக்கிளில வந்திருப்பன்தானே" என்றார். நான் ஏமாந்ததை விட, ஏமாந்தது தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான் என்னை அதிகம் தின்றது. அந்த வெட்கத்தில் மறைத்த இரண்டு கிழமையில் இன்னும் மூன்று போன் ஓடர் எடுத்திருந்தேன், நல்லகாலம் அவை உண்மையான ஆட்கள்.

இனி, இங்கிலீஷில் எழுதி வைத்திருப்பது நமக்கு ஏன் பொருந்தாது என்பது. முதல் அறிவுரையே, அட்டையின் விலாசமும் பொருள் போகிற விலாசமும் வேறு வேறு என்றால் சந்தேகப்படு என்பது. என் கடையில் ஒவ்வொரு ஓடரும் அப்படித்தான். அட்டை லண்டனில், கேக் தம்பலகாமத்தில். அடுத்தது, விலாசச் சரிபார்ப்பு முறையைப் போடு என்பது. அது பெரும்பாலும் அமெரிக்கா, கனடா, பிரித்தானிய அட்டைகளுக்குத்தான் வேலை செய்யும், சுவிஸ், நோர்வே அட்டைகளில் அதை நம்பியிருக்க முடியாது. அவசர டெலிவரி கேட்டால் சந்தேகப்படு என்கிறார்கள். பிறந்தநாளை முதல் நாள் இரவு ஞாபகம் வந்து ஓடர் போடாத மகன் உலகத்தில் இருக்கிறானா?

அப்படியென்றால் எதைப் பார்க்க வேண்டும்? நான் தோற்ற பிறகு பழைய பதிவுகளைத் தோண்டினேன், எல்லாம் அங்கேயே இருந்தது. அட்டை இலக்கத்தின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கம் எந்த நாட்டு எந்த வங்கி என்று காட்டிவிடும், அது உங்கள் கட்டணப் பக்கத்தில் தெரியும். டொரொன்டோ மாமாவின் மூன்று ஓடருக்கும் மூன்று அட்டை, அதில் ஒன்றுகூடக் கனடா அட்டை இல்லை. 14ஆம் திகதி ஓடர் வெற்றி பெறுவதற்கு முன் பதினொரு நிமிடத்தில் ஏழு தடவை வேறு வேறு அட்டைகள் தோற்றிருக்கின்றன. சொந்த அட்டையை ஏழு தரம் மாற்றி அடிக்கிறவர் யார்? இரண்டு வெவ்வேறு பெயருக்குப் போன போன்களுக்கு பெறுபவரின் தொலைபேசி இலக்கம் ஒன்று. ஓடர் போட்ட ஐபி முகவரி, அதாவது இணையத்தில் எங்கிருந்து வருகிறார் என்று காட்டும் இலக்கம், டொரொன்டோ இல்லை, இலங்கை. நான் விற்ற ஓடர்களை மட்டும்தான் பார்ப்பேன், தோற்ற முயற்சிகளின் பட்டியலை ஒரு நாளும் திறந்ததில்லை. இப்போது காலையில் தேத்தண்ணியோடு முதலில் திறப்பது அதைத்தான்.

ஆனால் இதையெல்லாம் விட எனக்கு உதவுவது ஒரு கேள்வி. விலை கூடிய ஓடர் எதுவானாலும் அனுப்பியவருக்கு வட்ஸ்அப்பில் ஒரு கோல் எடுத்து, "வாழ்த்து அட்டையில் எழுத வேண்டும், பெறுபவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்பேன். நம் ஆட்களில் வீட்டுப் பெயர் இல்லாத ஆள் யார்? அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் வேறு பெயர். சொந்த மாமாவுக்கு அது ஒரு நொடியில் வரும், வந்த கையோடு ஒரு கதையும் வரும். போன வருஷம் மெல்பேர்னிலிருந்து ஒருவர் முதலில் கோபப்பட்டார், "காசு கட்டியாச்சு, ஏன் துருவுறீங்க" என்றார், பிறகு சிரித்துக்கொண்டு "கட்டையன் என்று எழுதுங்கோ" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தால் ஆறடி உயரத்தில் ஒரு பெடியன் வந்து அட்டையைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டானாம். களவு அட்டைக்காரனுக்கு அந்தப் பெயர் தெரியாது, ஏதாவது ஒன்றைச் சொன்னாலும் நாங்கள் வாசலில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்போம். பெறுபவருக்கே கோல் எடுத்துக் கேட்கலாமே என்பீர்கள், அப்படிச் செய்தால் அனுப்பியவரின் இன்ப அதிர்ச்சி கெட்டுவிடும். அதனால் போன் ஓடருக்கு மட்டும் பெறுபவரின் வீட்டில் இன்னொருவரின் இலக்கம் கட்டாயம்.

மற்றதெல்லாம் சாதாரண விதிகள்தான். 25,000 ரூபாவுக்கு மேல் என்றால் ஒரு நாள், போன் என்றால் இரண்டு நாள் ஓடர் நிற்கும், வெப்சைட்டிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன், உண்மையான ஆட்கள் யாரும் அதற்காக ஓடவில்லை. சந்தி, ஷெட், பஸ் நிலையம் எங்கும் கொடுப்பதில்லை, வீட்டு வாசல் மட்டும், அடையாள அட்டையைப் பார்த்து இலக்கத்தைக் குறித்து, ஹெல்மட்டைக் கழற்றச் சொல்லி. அதையும் மீறிச் சந்தேகம் என்றால் அட்டையில் 1 டொலர் 37 சதம் மாதிரி ஊகிக்க முடியாத ஒரு சின்னத் தொகையைப் பிடித்துவைத்துவிட்டு, எவ்வளவு காட்டுகிறது என்று கேட்பேன். இலக்கத்தை மட்டும் களவெடுத்தவனால் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்க முடியாது. அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்கிற கடைகள் இங்கே நிறைய, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்பக்கத்து மூன்று இலக்கத்தை வியாபாரி சேமித்து வைக்கவே கூடாது என்பது அட்டை நிறுவனங்களின் விதி, உங்கள் வட்ஸ்அப் ஒருநாள் களவு போனால் அத்தனை வாடிக்கையாளரின் அட்டையும் சேர்ந்து போகும். அப்புறம், ரீபண்ட் எப்போதும் காசு வந்த அதே அட்டைக்குத்தான். என் "மாமா" 20ஆம் திகதி ஒரு பழக்கூடை ஓடரை ரத்துச் செய்துவிட்டு, காசைக் கொழும்பில் ஒரு வங்கிக் கணக்குக்குப் போடச் சொன்னார். வங்கிக்குப் போக நேரமில்லாத சோம்பலில் மட்டும்தான் அதில் தப்பினேன்.

இதற்குப் பிறகும் இரண்டு தடவை அட்டைச் சிக்கலில் மாட்டினேன். 2023இல் லண்டனில் இருந்து நெடுநாள் வாடிக்கையாளரான ஒரு அன்ரி, 40 பவுண் தான் கட்டவில்லை என்று வங்கிக்குச் சொல்லிவிட்டார். எடுத்துக் கேட்டால், அவருடைய அட்டைக் கணக்குக் கூற்றில் என் கடைப் பெயர் இல்லை, என் வீட்டுக்காரர் பெயரில் பதிந்த கம்பனிப் பெயர் இருந்திருக்கிறது, யாரோ தெரியாத ஆள் எடுத்துவிட்டான் என்று பயந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு வங்கிக்கு எழுதிக் கொடுத்தார். வங்கியிடம் சொல்லி அந்தப் பெயரை மாற்றினேன், ஒரு படிவம், காசில்லை. நீங்களும் உங்கள் அட்டையால் உங்கள் கடையிலேயே ஏதாவது வாங்கிப் பார்த்து, கூற்றில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். இப்படிப் பழைய வாடிக்கையாளர் மறுக்கும் இடத்தில் 2023 ஏப்ரலில் இருந்து விசாவில் ஒரு வசதி இருக்கிறது. அதே அட்டையில் 120 நாளுக்கு முந்திய, ஒரு வருஷத்துக்கு உட்பட்ட, மறுக்கப்படாத இரண்டு பழைய ஓடர்களைக் காட்டி, ஐபி, கருவி, விலாசம் போன்ற விபரங்கள் ஒத்துப்போனால் பொறுப்பை நம் தலையிலிருந்து இறக்கலாம். அதற்கு அந்தப் பதிவுகள் உங்களிடம் இருக்க வேண்டும், பழைய ஓடர் விபரங்களை இடம் போதவில்லை என்று அழிக்காதீர்கள்.

மற்றது ஒரு இரவில் நடந்தது. 150 ரூபா வாழ்த்து அட்டையைத் தனியாக விற்றுக்கொண்டிருந்தேன். காலையில் எழும்பிப் பார்த்தால் நானூறு சொச்சம் முயற்சி, எல்லாம் வேறு வேறு அட்டை. களவெடுத்த இலக்கங்களில் எது உயிரோடு இருக்கிறது என்று சோதிக்க இப்படிச் சின்ன விலைச் சாமான் உள்ள கடைகளைத் தேடி இயந்திரம் விட்டு அடிப்பார்களாம். ஒவ்வொரு முயற்சிக்கும் கட்டண நிறுவனம் எனக்கு ஒரு சின்னத் தொகை பில் போட்டது. குறைந்த ஓடர் 1,500 ரூபா என்று வைத்து, ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்தும் பெட்டியைப் போட்டு, ஒரு ஐபியில் மூன்று தோல்விக்கு மேல் பூட்டச் சொன்னேன். அன்றோடு நின்றது.

பொலிஸில் முறைப்பாடு போட்டேனா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போட்டேன். அட்டை மோசடிக்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, கணினிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம். பெட்டியில் இருந்த ஐஎம்இஐ இலக்கங்கள் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி இலக்கம்), சிம் இலக்கம், படங்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். அந்தச் சிம் வேறு மாவட்டத்தில் ஒரு வயதான அம்மாவின் அடையாள அட்டையில் பதிந்திருந்ததாகச் சொன்னார்கள், அதோடு நின்றுவிட்டது. இருந்தாலும் முறைப்பாட்டுப் பிரதி கையில் இருந்ததால் வங்கி என் கணக்கை மூடாமல் விட்டது. சார்ஜ்பேக் கூடி வங்கி உங்களைக் கழற்றிவிட்டால், மாஸ்டர்கார்ட் வைத்திருக்கிற ஒரு பட்டியலில் ஐந்து வருஷம் உங்கள் பெயர் கிடக்கும், வேறு வங்கியும் எடுக்கத் தயங்கும். எனவே காசு கிடைக்காது என்று தெரிந்தாலும் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இன்று காலையும் ஒரு ஓடர் நிற்கிறது. இரண்டு போன், சுவிஸ் மாமா, பெறுபவர் நிலாவெளி. முதல் அட்டை தோற்று இரண்டாவதில் போயிருக்கிறது. வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று மெசேஜ் போட்டேன். "அக்கா அவசரம், முதல் அனுப்புங்கோ, பிறகு சொல்றன்" என்று பதில் வந்திருக்கிறது. கோல் எடுத்தால் எடுக்கவில்லை. நாளை பின்னேரம் வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் பெயர் வராவிட்டால் அதே அட்டைக்குக் காசைத் திருப்பிவிட்டு, போன் இரண்டையும் போன் கடை நானாவிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.